தாழங்குளத்துக்குக் குவிந்த ஆதரவு

தாழங்குளத்தில் நாமக்கோழிகளும் தாழைக்கோழிகளும் குடியிருந்தன. நாமக்கோழிக்கு நெற்றியில் வெள்ளைப் பட்டை. தாழைக்கோழிக்கு மூக்கில் சிவப்பு. இதைத் தவிர வேறு வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரிந்ததில்லை. ஆனால் அவற்றிடமே கேட்டால் பொழுது சாயும்வரை சொல்லிக்கொண்டிருக்கும்!

குளத்துக்குத் தலைவராக ஒரு கூழைக்கடா இருந்தார். ஒரு நாள் காலையில் பார்த்தால் தலைவரைக் காணோம். குளத்தின் பெரிய மீன்களையும் காணோம். மீன்களைத் தாடைப்பையில் அள்ளிக்கொண்டு அவர் மேற்கே பறந்துவிட்டார் என்று ஒரு நத்தை சொன்னது. நத்தை சொல்லி முடிப்பதற்குள் அவர் எங்கே போய்ச் சேர்ந்தாரோ!

"இனி நான்தான் தலைவர்!" என்றார் நாமக்கோழி வெண்ணெற்றியார்.

"யார் சொன்னது? நான்தான் தலைவர்!" என்றார் தாழைக்கோழி செவ்வலகார்.

குளத்தின் நடுவில் ஒரு கல்மேடு உண்டு. அதில் ஏறி நின்றால் நான்கு கரையும் தெரியும். ஒரு நாள் நாமக்கோழி, மறுநாள் தாழைக்கோழி என்று முறை வைத்து அங்கே காவல் நிற்பார்கள். இன்று யார் முறை என்று காலையில் சொல்லி அனுப்புவது தலைவரின் வேலை. இப்போது தலைவர் இல்லை. ஆகவே காவலும் இல்லை.

"முதலில் என்னைத் தலைவர் என்று ஒப்புக்கொள்ளட்டும். பிறகு காவல் போடுகிறேன்" என்றார் வெண்ணெற்றியார். செவ்வலகாரும் அதையேதான் சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் நல்ல ஒற்றுமை.

காவல் நின்றுபோய் நான்கு நாள்கூட ஆகவில்லை. கூடுகளில் முட்டைகள் காணாமல் போகத் தொடங்கின. "தாழைக்கோழிகள்தான் உருட்டித் தள்ளிவிட்டன!" என்றன நாமக்கோழிகள். "உங்கள் ஆட்கள்தான் மிதித்து உடைத்தார்கள்!" என்றன தாழைக்கோழிகள். வெளியிலிருந்து ஒருவன் வந்து தின்கிறான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவன் பெயர் செதிலப்பன். கரைக்கு அப்பால் கரையான் புற்றில் குடியிருந்த உடும்பு. ஒரு தடவைக்கு ஆறு முட்டை இல்லாமல் அவனுக்கு வயிறு நிறையாது.

தாழங்குளம் தத்தளிக்கிறது என்ற செய்தி மெல்லப் பரவியது. பக்கத்து மாந்தோப்பிலிருந்து மயில் தோகைராயர் ஆதரவு தெரிவிக்க வந்தார். குளத்துக்கு ஒரே பெருமை! சண்டை போட்ட இரண்டு பேரும் சண்டையை நிறுத்திவிட்டு வரவேற்பில் இறங்கினார்கள்.

தாழங்குளத்தில் விருந்தாளியை வரவேற்க ஒரு முறை உண்டு. விருந்தாளியைக் கல்மேட்டில் உட்கார வைக்க வேண்டும். குளத்தார் அத்தனை பேரும் கூட்டை விட்டு வந்து, தண்ணீரில் வரிசையாக மிதந்து, அவர் முகத்தையே பார்க்க வேண்டும். கழுத்தைத் திருப்பினால் அவமரியாதை. ஒவ்வொரு கூட்டிலிருந்தும் ஒருவர் நன்றி சொல்லி முடிக்கும்வரை விருந்தாளி மேட்டைவிட்டு இறங்கக் கூடாது. இறங்கினால் அதைவிடப் பெரிய அவமரியாதை.

தோகைராயர் தோகையை விரித்தார். "தாழங்குளத்தின் நிலை குறித்து ஆழ்ந்த கவலை கொள்கிறேன்! முட்டைத் திருட்டை மிக வன்மையாகக் கண்டிக்கிறேன்! மாந்தோப்பு என்றென்றும் உங்கள் பக்கம்!"

அந்த நேரத்தில் கரையிலிருந்து ஒரு கூச்சல் கேட்டது. "வர்றான்! வர்றான்! வர்றான்!"

கத்தியது நெட்டைக்காலி. பக்கத்துத் தரிசு நிலத்தில் தனியாக வாழும் ஆள்காட்டிக் குருவி. வெறும் தரையில் கூழாங்கல் நடுவே முட்டையிடுகிற ஜாதி. யார் நடந்து போனாலும் அவள் கண்ணில் படாமல் போக முடியாது. கண்ணில் பட்டுவிட்டால் அவளால் வாயை மூடிக்கொண்டிருக்கவும் முடியாது.

"விருந்தாளி பேசும்போது என்ன கத்தல்?" என்று வெண்ணெற்றியார் சீறினார்.

"அயலூர்க்காரிக்கு மரியாதை தெரியவில்லை!" என்று செவ்வலகார் முகத்தைச் சுளித்தார். இருவரும் கழுத்தை மட்டும் திருப்பவில்லை.

நெட்டைக்காலி மனம் நொந்து தரிசுக்கே பறந்து போனாள். தோகைராயர் பேசி முடித்தார். எல்லாரும் "நன்றி! நன்றி!" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு விருந்துக்கு ஓடினார்கள். விருந்து முடிந்து கூட்டுக்குப் போனால் பதினோரு முட்டைகளைக் காணோம்.

அதில் நான்கு பூங்கோரையுடையவை. அவள் ஒரு தாழைக்கோழி. முதல் ஈட்டு முட்டைகள் காவல் நின்றுபோனபோதே போயின. இரண்டாம் ஈடு மயிலின் பேச்சோடு போயிற்று. புதிதாகக் கோரை இழுத்து வந்து மறுபடியும் கூடு கட்டினாள். மூன்றாம் ஈடாக ஐந்து முட்டைகள் இட்டாள். மழைக்காலம் முடியப் போகிறது. இதுவும் போனால் இந்த ஆண்டு அவளுக்குக் குஞ்சு கிடையாது.

செதிலப்பனுக்கோ மயில் வந்த அன்றே புது ஞானம் பிறந்தது. இத்தனை நாள் ஒளிந்து ஒளிந்து ஒரு முட்டை, இரண்டு முட்டை என்று திருடியவன் அவன். ஒரே ஒரு ஆதரவுக் கூட்டத்தில் பதினோரு முட்டைகள்! குளமே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது! இப்படி ஒரு வசதியை அவன் கனவிலும் கண்டதில்லை.

மறுநாளே நடந்தான். குரங்குகளின் மலைச்சரிவுக்குப் போய்க் கண்ணீர் விட்டான். "பாவம் தாழங்குளம்! ஆறுதல் சொல்ல ஒரு நாதி இல்லை! நீங்களாவது வரக் கூடாதா?"

குரங்குகளுக்கு மனம் இளகியது. விருந்து உண்டு என்று தெரிந்ததும் இன்னும் இளகியது. ஒரு மாதம் ஆயத்தம் செய்து நாற்பது பேர் வந்தார்கள். தாமரைக்காய்களை எல்லாம் தின்று தீர்த்த பிறகு அவர்களின் தலைவர் மேட்டில் உட்கார்ந்தார். "இரு தரப்பும் பொறுமை காக்க வேண்டும்!" என்றார்.

"எந்த ரெண்டு தரப்பு? முட்டையும் முட்டையத் தின்னவனுமா?" என்று பூங்கோரை முணுமுணுத்தாள். பக்கத்தில் மிதந்தவர்கள் "உஸ்!" என்றார்கள்.

கரையில் நெட்டைக்காலி மறுபடியும் கத்தினாள். மறுபடியும் திட்டு வாங்கினாள். அன்று ஒன்பது முட்டைகள் போயின. பூங்கோரையின் கூடு கோரைக்குள் ஆழமாக இருந்ததால் அன்று தப்பியது.

கூட்டம் கலைந்ததும் பூங்கோரை நேராகத் தரிசு நிலத்துக்குப் போனாள்.

"நீ சும்மா கத்துறவ இல்ல. என்னத்தப் பார்த்தே? சொல்லு தங்கச்சி."

"இப்பவாச்சும் ஒருத்தி கேட்டியே அக்கா!" என்றாள் நெட்டைக்காலி. "எல்லாம் அந்தப் புத்துக்காரன்தான். நீங்க அங்கிட்டுப் பார்த்துக்கிட்டு நிக்கிறப்ப இங்கிட்டு வந்து தின்னுட்டுப் போறான். குரங்குங்களக் கூட்டிட்டு வந்ததே அவன்தான். நேத்து யானைக் காட்டுப் பக்கம் நடந்து போனான்!"

அடுத்த நாள் செதிலப்பனே குளக்கரைக்கு வந்து குரல் கொடுத்தான். "தாயே பூங்கோரை! நாளைக்கு மலையம்மா யானையே நேர்ல வர்றாங்க. எவ்வளவு பெரிய இடத்து ஆதரவு! நீயும் கண்டிப்பா வரணும். கூட்டுலயே குந்திக்கிட்டு இருக்காத, என்ன?"

பேசும்போது அவன் வாயோரத்தில் மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்ததைப் பூங்கோரை பார்த்தாள். ஆனாலும், "கண்டிப்பா வர்றேன் அண்ணே!" என்று சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்பினாள்.

பிறகு இரண்டு தலைவர்களிடமும் ஓடினாள்.

"செதிலப்பனா? அவரால்தான் நமக்கு இவ்வளவு ஆதரவு வருகிறது!" என்றார் வெண்ணெற்றியார்.

"வாயில மஞ்சக்கரு ஒட்டியிருந்துச்சுங்க!"

"ஆவாரம்பூ தின்றிருப்பார்" என்றார் செவ்வலகார். "அதை விடு. மலையம்மா முதலில் யாருக்கு வணக்கம் சொல்வார்? எனக்கா, இவருக்கா?"

பூங்கோரை கூட்டுக்குத் திரும்பினாள். முட்டைகளின் மேல் உட்கார்ந்தபோது உள்ளிருந்து மெல்லிய சத்தம் கேட்டது. கீச், கீச். குஞ்சுகள் ஓட்டைத் தட்டிப் பார்க்கின்றன! இன்னும் இரண்டே நாள். இரண்டு நாள் அந்த உடும்பு இந்தப் பக்கம் வராமல் இருந்தால் போதும். தண்ணீரில் இறங்கி நீந்தத் தெரிந்துவிட்டால் குஞ்சுகளை அவன் என்ன செய்ய முடியும்?

எப்படி நிறுத்துவது? அவனோடு சண்டை போட அவளுக்குப் பல்லும் இல்லை, பலமும் இல்லை. தாழங்குளத்தில் நிறைய இருந்தது பேச்சும் மரியாதையும்தான். பூங்கோரை அவற்றையே நினைத்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலை மலையம்மா வந்தார். தரை அதிர்ந்தது, தண்ணீர் தளும்பியது. குளத்தார் வரிசையாக மிதந்தார்கள். அப்போதுதான் ஒரு சிக்கல் புரிந்தது.

"நான் அந்த மேட்டில் ஏறினால் மேடு இருக்காதே!" என்றார் மலையம்மா.

வெண்ணெற்றியார் செவ்வலகாரைப் பார்த்தார். செவ்வலகார் வெண்ணெற்றியாரைப் பார்த்தார். மேட்டில் விருந்தாளி இல்லாமல் வரவேற்பா? அப்படி நடந்ததே இல்லையே!

"நான் ஒண்ணு சொல்லலாமாம்மா?" என்று பூங்கோரை முன்னால் நீந்தி வந்தாள். "குரங்குங்க வந்தாங்க, இப்ப நீங்களும் வந்திருக்கீங்க. உங்க எல்லாரையும் நடந்து நடந்து அழைச்சது யாரு? செதிலப்பன் அண்ணன்தானே? அவர ஒரு நாளாவது மேட்டுல உக்கார வச்சமா? இன்னைக்கு அவர்தான் எங்களுக்குச் சிறப்பு விருந்தாளி!"

"நல்ல யோசனை!" என்றார் மலையம்மா. "வெயிலில் எவ்வளவு தூரம் நடந்து வந்தான் அந்தப் பிள்ளை! எங்கே அவன்?"

அந்தப் பிள்ளை அப்போது கோரைப் புதருக்குள் பூங்கோரையின் கூட்டை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்க! இங்க! இங்க இருக்கான்!" என்று நெட்டைக்காலி புதருக்கு மேலே வட்டமிட்டுக் கத்தினாள்.

"வாயை மூடு!" என்றார்கள் இரண்டு தலைவர்களும்.

"கத்தட்டுமே, என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார் மலையம்மா.

"சிறப்பு விருந்தாளி இருக்கிற எடத்தக் காட்டுறாம்மா!" என்றாள் பூங்கோரை.

மலையம்மா தும்பிக்கையைப் புதருக்குள் விட்டார். செதிலப்பன் பயந்துபோய்க் கோரையைப் பிடித்துக்கொண்டான். உடும்புப் பிடி என்று சும்மாவா சொல்கிறார்கள்? பிடித்த கோரை வேரோடும் சேற்றோடும் அவனுடன் சேர்ந்து மேலே வந்தது!

"இங்கே என்ன செய்கிறாய் தம்பி?"

"கூ... கூட்டத்துல கலந்துக்க வெக்கமா இருந்துச்சும்மா..."

"பார்த்தீர்களா! எவ்வளவு அடக்கம்!" என்று மனம் நெகிழ்ந்த மலையம்மா, அவனைக் கோரையும் கையுமாகக் கல்மேட்டில் உட்கார வைத்தார். குளத்தின் கண்கள் அத்தனையும் அவன் மேல் திரும்பின.

பூங்கோரை வெண்ணெற்றியார் பக்கத்தில் ஒதுங்கினாள். "ஐயா, யார் நீளமா நன்றி சொல்றாங்களோ அவங்கதான் தலைவர்னு மலையம்மா நினைப்பாங்க" என்று காதில் போட்டாள். பிறகு செவ்வலகாரிடமும் போனாள். அதே சொல்லை அதே மாதிரி போட்டாள்.

வெண்ணெற்றியார் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "எங்கள் அன்புக்குரிய செதிலப்பர் அவர்களே! உங்கள் வாலின் நீளத்தைப் புகழ்வதா, மனதின் நீளத்தைப் புகழ்வதா?" என்று ஆரம்பித்தவர், உச்சி வெயிலில்தான் முடித்தார். செவ்வலகார் விடுவாரா? செதிலப்பனின் ஒவ்வொரு செதிலுக்கும் தனித்தனியாக நன்றி சொன்னார். முதுகு முடிந்து வயிற்றுப் பக்கம் வருவதற்குள் சூரியன் சாய்ந்துவிட்டது.

"அம்மா, எனக்கு வயித்து வலி. கொஞ்சம் எறங்கிட்டு வந்துடறேனே..." என்று கெஞ்சினான் செதிலப்பன்.

"நன்றியின் நடுவில் இறங்குவதா?" என்று மலையம்மா ஒரு காலை மேட்டின் ஓரத்தில் ஊன்றினார். அந்தப் பாதத்தின் அகலத்தைப் பார்த்ததும் வயிற்று வலி நின்றுவிட்டது. "எங்கள் காட்டிலும் இதே முறைதான். வழக்கத்தை மீறுகிறவனை எனக்கு அறவே பிடிக்காது."

மறுநாள் மற்ற கூட்டுக்காரர்களின் முறை. தலைவர்கள் அவ்வளவு பேசியபின் தொண்டர்கள் சுருக்கமாகப் பேசினால் நன்றாகவா இருக்கும்? ஒரு நாமக்கோழி பாட்டுப் பாடி நன்றி சொன்னது. ஒரு தாழைக்கோழி அதற்குப் போட்டியாக அழுது நன்றி சொன்னது. மேட்டின் மேலிருந்து பார்த்தால் ஒவ்வொரு கூடும் தெளிவாகத் தெரிந்தது. முட்டைகள் வெயிலில் மினுமினுத்தன. செதிலப்பன் எச்சிலை விழுங்கி விழுங்கிப் பசியோடு உட்கார்ந்திருந்தான். மலையம்மா கோரையை மேய்ந்தபடி ஒவ்வொரு நன்றிக்கும் தலையாட்டினார்.

மூன்றாம் நாள் காலை. கடைசி நன்றி பூங்கோரையுடையது. கோரை விலகியது. பூங்கோரை நீந்தி வந்தாள். அவளுக்குப் பின்னால் கறுப்புப் பஞ்சு உருண்டைகளாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து! கடைசிக் குஞ்சு ஒரு தாமரை இலையில் முட்டி, சுற்றிக்கொண்டு வந்து வரிசையில் சேர்ந்தது.

பூங்கோரை மேட்டுக்கு நேரே வந்து நின்றாள்.

"செதிலப்பன் அண்ணே! மயிலு வந்தன்னிக்கு எங்க முட்டையில பதினொண்ணு தின்னீங்க. குரங்கு வந்தன்னிக்கு ஒம்பது தின்னீங்க. இந்த ரெண்டு நாளா இந்த மேட்டுலயே இருந்ததால ஒண்ணுகூடத் திங்கல. இதோ என் அஞ்சு புள்ளைங்களும் உங்களுக்கு நன்றி சொல்றாங்க!"

குளத்தார் எல்லாரும் ஒரே நேரத்தில் கூட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். விருந்தாளி மேட்டில் இருக்கும்போதே கழுத்தைத் திருப்பினார்கள்! இரண்டு நாளாக ஒரு முட்டைகூடக் குறையவில்லை.

"ஓஹோ!" என்றார் மலையம்மா. "நன்றி முடிந்ததா, குழந்தை?"

"முடிஞ்சிருச்சும்மா. இனி அவர் எறங்கலாம்."

மலையம்மா பிளிறிய பிளிறலில் தாமரை இலைகள் தலைகீழாகப் புரண்டன. செதிலப்பன் இறங்கவில்லை, பாய்ந்தான். தண்ணீரைத் தாண்டி, தரிசைத் தாண்டி, தன் புற்றையும் தாண்டி ஓடினான். "போறான்! போறான்! போயிட்டான்!" என்று நெட்டைக்காலி கூடவே பறந்து இரண்டு குன்று வரை வழியனுப்பிவிட்டு வந்தாள்.

மலையம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ஆதரவு சொல்ல வந்தேன். திருடன் அழைத்து வந்திருக்கிறேன் என்றுகூடத் தெரியாமல் வந்தேன். பேச்சு ஒன்று தயார் செய்து வைத்திருந்தேன், அது வயிற்றோடு இருக்கட்டும். உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும்?"

இதுவரை வந்த விருந்தாளிகளில் ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அதனால் யாருக்கும் பதில் தெரியவில்லை.

பூங்கோரைக்குத் தெரிந்திருந்தது. "அந்தப் புத்து வாய அடைச்சுட்டுப் போங்கம்மா. அடுத்தவன் யாரும் அங்க குடி வரக் கூடாது. மத்தத நாங்க பாத்துக்கிறோம்."

மலையம்மா போகிற வழியில் புற்றின் மேல் ஒரே ஒரு முறை உட்கார்ந்து எழுந்தார். வேலை முடிந்தது.

பூங்கோரை கல்மேட்டில் ஏறினாள். "இன்னைக்குக் காவலுக்கு நான் நிக்கிறேன். நாளைக்கு நாமக்கோழியில யார் வர்றீங்க?"

"தலைவர் யார் என்று முடிவாகாமல் காவல் எப்படி..." என்று இரண்டு தலைவர்களும் சேர்ந்தே ஆரம்பித்தார்கள்.

"நான் வர்றேன்!" என்றாள் ஒரு நாமக்கோழித் தாய். குரங்குகள் வந்த நாளில் மூன்று முட்டைகளை இழந்தவள் அவள். "அதுக்கு மறுநாள் நான்!" என்றது ஒரு தாழைக்கோழி. பேசி முடிப்பதற்குள் ஒரு மாதத்துக்கு முறை நிரம்பிவிட்டது.

வெண்ணெற்றியாரும் செவ்வலகாரும் யார் தலைவர் என்று இன்றுவரை பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பேசட்டும், யாருக்கு என்ன நஷ்டம்? விருந்தாளிகளும் வருகிறார்கள்; கரையில் உட்கார வைத்து உபசரிக்கிறார்கள். ஆனால் யார் எவ்வளவு அழகாகப் பேசிக்கொண்டிருந்தாலும் தரிசிலிருந்து நெட்டைக்காலி குரல் கொடுத்தால் குளத்தார் அத்தனை பேரும் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள். அவளை இப்போது அயலூர்க்காரி என்று யாரும் சொல்வதில்லை.

நீதி: துன்பத்தில் இருப்பவருக்கு ஆதரவு சொல்லப் போகிறவர், அவருடைய கூட்டின் மேல் யார் கண் வைத்திருக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.